அத்தா வாங்கி வந்த ஐநூறு வோல்ட்

என் வயதுக்காரிகளே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற கட்டத்துக்கு நாம் வந்துவிட்டோம். நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பத்து வயதில் மூக்கில் ஏறிய ஒரு கருகல் வாடை இன்னும் போகவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அழாமல் எழுத வேண்டும் என்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்தேன். எவ்வளவு தூரம் முடிகிறது பார்ப்போம்.

திருச்சியிலிருந்து பிரித்து எங்களுக்குப் பெரம்பலூர் என்று தனி மாவட்டம் கொடுத்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. தெருவில் ஆண்பிள்ளை என்றால் பள்ளிக்கூடம் போகிற பையன்களும் பள்ளிவாசலுக்குப் போகிற பெரியவர்களும்தான். இடைப்பட்ட வயதுக்காரர்கள் எல்லாரும் துபாய், ஷார்ஜா, சவூதி. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தா ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் பெட்டி இறக்கி அடுக்குகிற வேலையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வந்தால் இரண்டு மாதம் இருப்பார். நான் அவரோடு இருந்த நாட்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு வகுப்புப் படித்து முடிக்கிற காலம்கூட வராது.

அத்தா வந்த மறுநாள் காலை பெட்டி பிரிப்போம். கயிற்றை அறுக்கும்போதே ஒரு வாசம் கிளம்பும். சோப்பு, அத்தர், பால் பவுடர், புது பிளாஸ்டிக் எல்லாம் கலந்த வாசம். நம்மில் பாதிப் பேருக்கு அப்பாவின் வாசமே அதுதான். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் கடைப்பிடித்த ஒரு முறை உண்டு. சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், போய் வந்தவர் கொண்டுவந்த சாமானைக் குறை சொல்லக் கூடாது. எனக்கு ஒரு தடவை ஷூ வந்தது. என் இரண்டு காலும் ஒரே ஷூவுக்குள் போய்விடும். அம்மா முனையில் பஞ்சை அடைத்து, "பொருத்தமா இருக்குங்க" என்று அத்தாவிடம் சொன்னார். நான் வாத்து நடை நடந்து காட்டினேன். அத்தா கண் கலங்கிச் சிரித்தார். சித்திரை வெயிலில் கம்பளி வரும். அதையும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இன்னொன்றும் உண்டு. கேட்டதைக் கேட்டபடி வாங்கி வருவது அத்தாவுக்குப் பிடிக்காது. சின்ன ஃபிளாஸ்க் கேட்டால் பெரியது வரும். ஒரு செல் டார்ச் கேட்டால் ஐந்து செல் டார்ச் வரும். "ஹெவி டியூட்டி" என்பது அவருக்கு மிகவும் பிடித்த வார்த்தை. குடோனில் கற்றுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. கேட்டதற்கு ஒரு படி மேலே கொண்டுவந்து வைத்தால்தான் இரண்டு வருஷம் கண்ணில் படாமல் இருந்ததற்கு ஈடாகும் என்று நினைத்தாரோ என்னவோ.

இனி அக்காவுக்கு வருகிறேன். அக்கா பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறிப் படிக்கப் போன முதல் பெண் அவள். தலையில் முக்காடு, தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு சால்டரிங் அயர்ன். வீட்டுக்குள் நுழைந்தாலே ஈயம் உருகிய வாடை அவளோடு வரும். அம்மா, "கல்யாணத்துக்குப் பாக்குற புள்ள மேல மரிக்கொழுந்து மணக்கணும். இவ மேல கொல்லுப்பட்டறை மணக்குது" என்பார். அக்காவுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

படிப்பு முடிக்க நாலைந்து பேராகச் சேர்ந்து ஏதாவது செய்து கண்காட்சியில் காட்ட வேண்டும். அக்காவின் கூட்டம் சாமான் சுமக்கிற ரோபோ செய்தது. ரோபோ என்றதும் கை கால் முகம் எல்லாம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்ததோ ஒரு பலகை. அடியில் நான்கு ரப்பர் சக்கரங்கள். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். அவை மழைக்காலத்தில் லாரிக் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரை ஆட்டும் மோட்டார்கள், அரியலூரில் பழைய சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பிரிக்கிற இடத்தில் வாங்கியவை. நடுவில் ஒரு பேட்டரி. அதிலிருந்து நீளமாக ஒரு வயர் வந்து அக்கா கையிலிருக்கும் சோப்பு டப்பாவில் முடியும். டப்பாவில் இரண்டு குமிழ். இடது குமிழைத் திருப்பினால் இடது சக்கரத்தின் வேகம் கூடும் குறையும். வலது குமிழுக்கு வலது சக்கரம். முகம் இல்லாத அந்த ரோபோ மேல் எனக்கு முதல் நாள் இருந்த ஏமாற்றம், அது எங்கள் முற்றத்தில் வளைந்து திரும்பியதும் போய்விட்டது.

ஆனால் அது நெடுநேரம் ஓடாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற போர்டில் மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு பவர் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. பேட்டரியின் கரண்ட் முழுவதும் அவற்றுக்குள் நுழைந்துதான் மோட்டாருக்குப் போக வேண்டும். முதலில் போட்டவை சூடேறிச் செத்துப்போயின. அடுத்த ஜோடியும் அப்படியே. அக்கா பாலிடெக்னிக் லைப்ரரியில் தடிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, எது சரி என்று கண்டுபிடித்துவிட்டாள். இசட் ஃபார்ட்டி ஃபோர் என்று அதற்குப் பெயர். அது அப்போது பெரம்பலூரில் கிடைக்கவில்லை.

அத்தாவுக்கு நாங்கள் கேசட்டில் பேசி அனுப்புவோம். நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பட்டனை அழுத்திப் பேசி, அந்தக் கேசட்டை, யாராவது ஊரிலிருந்து கிளம்புகிறார்கள் என்றால் அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். அம்மா அதில் வேறு யாரோபோல் விறைப்பாகப் பேசுவார். அந்தத் தடவை அக்கா டிரான்சிஸ்டரின் பெயரையும் நம்பரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "டிரான்சிஸ்டரா? வூட்லதான் ரெண்டு பாட்டுப்பொட்டி சும்மா கெடக்கே" என்ற அம்மாவின் குரலும் அதில் பதிவாகிவிட்டது.

அதே கேசட்டில் அக்கா இன்னொன்றும் கேட்டிருந்தாள். டிப்ளமோ முடித்ததும் இன்ஜினியரிங்கில் இரண்டாம் வருஷத்திலேயே சேர்ந்துகொள்ளலாம், சேர்த்துவிடுங்கள் என்று. ஏனென்றால் பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், அரியலூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். இரும்புக் கடைக் குடும்பம். அத்தா லீவில் வரும்போதே நிக்காஹ் முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். அத்தா எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் பதில் கேசட் கொடுத்து அனுப்பினார். இப்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது, பின்னால் ஏசி இரைகிற சத்தத்தோடு.

"அம்மாடி, நீ சொன்னதைக் கேட்டேன். அண்ணன் சொல்றதையும் தட்ட முடியலை. ஒண்ணு செய்யலாம். கண்காட்சிக்கு நான் வந்துடுவேன், இன்ஷா அல்லா. அண்ணனையும் கூட்டிக்கிட்டு வந்து பாக்கறேன். ஒன் வண்டி ஓடிச்சுன்னா நீ படி. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். ஓடலைன்னா, அல்லா ஒனக்கு வேற எழுதியிருக்கான்னு வெச்சுக்குவோம்."

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். "ஓடிச்சுன்னா படி" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். அடுத்த வாக்கியத்தைக் கேட்க மாட்டாள்.

அத்தா வருவதற்கு முன்பே, அக்காவின் வகுப்பு மேடம் திருச்சிக்குப் போனபோது இசட் ஃபார்ட்டி ஃபோர் இரண்டு வாங்கி வந்துவிட்டார். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு, மூன்று கால், முதுகில் ஒரு தகடு. இதற்காகவா இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றியது. அக்கா அவற்றைப் போர்டில் பொருத்தி, பலகை மேல் இரண்டு குடம் தண்ணீரை ஏற்றி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். தண்ணீர் தளும்பித் தளும்பித் தரையெல்லாம் நனைந்தது. கடைசியில் டிரான்சிஸ்டர் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என் விரலையும் பிடித்து வைத்தாள். சூடே இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. கல்யாணத்திலும் பார்க்கவில்லை, குழந்தை பிறந்தபோதும் பார்க்கவில்லை. கூடுதலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

அத்தா வந்தார். பெட்டி பிரித்தோம். எல்லாருக்கும் எல்லாம் எடுத்துக் கொடுத்து முடித்த பிறகு, சட்டைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தார். தங்கச் சங்கிலியைக்கூட அவர் அப்படிச் சுருட்டிக் கொண்டுவந்ததில்லை.

"நீ சொன்ன நம்பரைத்தான் கேட்டேன்மா. கடைக்காரன் மலையாளி. எடுத்துப் போட்டான். எத்தினி வோல்ட் தாங்கும்னேன். அறுவதுன்னான். அறுவதுதானா, இதைவிட நல்லது இல்லியாடான்னேன். உள்ள போயி இதை எடுத்தாந்தான். ஐநூறு வோல்ட். விலை கூடத்தான். போவட்டும், எம் பொண்ணு காலேஜுக்குன்னு வாங்கிட்டேன்." உறையை அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நாப்பத்து நாலு கேட்டே. எண்ணூத்தி நாப்பதே கொண்டாந்துட்டேன். ஹெவி டியூட்டி."

அக்கா கையைத் திறந்து நம்பரைப் படித்தாள். எயிட் ஃபார்ட்டி. பார்ப்பதற்குப் பழையதைப் போலவே இருந்தது. அதே கறுப்பு, அதே மூன்று கால். அவள் முகம் ஒரு கணம் எப்படியோ ஆகிவிட்டுச் சரியானது. "நல்லா இருக்குத்தா" என்றாள்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் வைத்து எனக்குச் சொன்னாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். "ரஞ்சன்குடிக் கோட்டை பாத்தியில்ல, ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்கள்ல. செவுரு எப்புடி மொத்தமா இருந்துச்சு?"

"பெருசா."

"அத்தா வாங்கியாந்தது அந்தக் கோட்டை மாதிரி. எவ்வளவு பெரிய வோல்ட் வந்து மோதினாலும் உடையாது. ஆனா நம்மளை யாரு மோதப் போறா? நம்மகிட்ட இருக்கறது பன்னெண்டு வோல்ட் பேட்டரி. நமக்கு செவுரு முக்கியமில்ல, வாசல்தான் முக்கியம். செவுத்தை அத்தினி மொத்தமா கட்டுனதுல இதுக்கு வாசல் குறுகலாப் போச்சு. நம்ம மோட்டாருக்குப் போற கரண்ட் ஒரு கல்யாணக் கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்துல அந்தச் சின்ன வாசல்ல நுழைஞ்சா என்னாவும்?"

"நசுங்கும். வேர்க்கும்."

"அவ்வளவுதான். சூடாகிச் செத்துப்போவும். மேடம் வாங்கினது சின்ன வீடு. ஆனா வாசல் அகலம்."

"அப்ப அதை அத்தாகிட்ட சொல்லேன்."

அக்கா வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

சொல்லிப் பார்க்காமலும் இல்லை. மறுநாள் சாப்பிடும்போது, "அத்தா, இது நம்ம வண்டிக்குக் கொஞ்சம் அதிகம்" என்று ஆரம்பித்தாள். "அதிகமா இருந்தா நல்லதுதானம்மா" என்றார் அத்தா, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்பதுபோல. அக்கா, "இல்லத்தா, அது வந்து..." என்று இழுத்தாள். அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அர்த்தம் தெரியும். ஷூவுக்குள் பஞ்சு அடைத்த அம்மாவின் பார்வை அது. அக்கா ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள். பின்கட்டில் அம்மா அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "குடோன்ல மூட்டை தூக்கிட்டு, ரூமுக்குப் போவாம, பஸ் புடிச்சிப் போயி அலைஞ்சி வாங்கியிருக்காங்க. ஒங்க அத்தா மூஞ்சியப் பாத்துமா ஒனக்கு அது நொட்டைன்னு சொல்லத் தோணுது? போடுடி, ஒண்ணும் ஆவாது."

மாற்றிவிட்டேன் என்று பொய் சொல்லிவிடேன் என்று நான் யோசனை சொன்னேன். இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, யார் கண்டுபிடிப்பார்கள்? அக்காவும் அப்படி நினைத்திருந்தாள் போலிருக்கிறது, ஏனென்றால் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். ஆனால் அதற்கு வழியில்லாமல் போயிற்று. லுஹர் தொழுதுவிட்டு வந்த அத்தா அவள் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "போடும்மா, நான் வாங்கினதை நீ போடறதைப் பாக்கணும்" என்றார். வெளிச்சம் போதாது என்று அந்த ஐந்து செல் டார்ச்சைப் பட்டப்பகலில் பிடித்தார்.

அக்கா பழையதைச் சூடு காட்டிக் கழற்றினாள். கழற்றும்போது ஒன்றின் கால் ஒடிந்துபோயிற்று. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அத்தா, "வுடும்மா, போனாப் போவுது, அதான் நல்லது வந்துடுச்சுல்ல" என்றார். அக்கா புதியதை வைத்து ஈயத்தை உருக்கினாள். புகை அத்தாவின் தாடிக்குள் போயிற்று. அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவரும் அக்காவும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்த மத்தியானத்தை நான் வெறுக்க வேண்டும். முடியவில்லை. அத்தனை அழகாக இருந்தார்கள் இருவரும்.

பிறகு அக்கா தன்னால் ஆனதைச் செய்தாள். அம்மாவின் பழைய அலுமினியத் தட்டை வெட்டி டிரான்சிஸ்டர்களின் முதுகில் பிடித்து வைத்தாள், சூட்டை அது இழுத்துக்கொள்ளும் என்று. வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. தட்டு சுட்டது, ஆனால் தாங்கியது. "மேடை முன்னாடி ஒரு சுத்து, வெறும் வண்டி. அவ்வளவுதான் காட்டப் போறோம். தாங்கிடும்" என்று என்னிடம் சொன்னாள். தனக்கே சொல்லிக்கொண்டாள் என்பதே சரி.

கண்காட்சி அன்று தொழுதூர் சுற்றிப் போகிற பஸ்ஸில் எல்லாரும் போனோம். அக்கா விடியும்போதே போய்விட்டாள். அத்தா வெள்ளைச் சட்டையில், அத்தர் வாசத்தோடு, பார்க்கிறவர்களிடமெல்லாம் "பொண்ணு ரோபோ செஞ்சிருக்கு" என்றார். ரோபோ என்ற வார்த்தையை அவர் வாய் பழக்கமில்லாமல் உருட்டியது. பெரியத்தா பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தன் பிள்ளை, தம்பி பிள்ளை என்று வித்தியாசம் பார்க்காதவர். வயது வந்த பெண் பஸ்ஸில் போய் வருவதை நினைத்து நிஜமாகவே தூக்கம் கெட்டவர்.

பெரிய ஹாலில் ஓரமாக மேஜைகள். நடுவில் ஓட்டிக்காட்ட இடம் விட்டிருந்தார்கள். அக்கா சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பி நேராகப் போய், வளைந்து, திரும்பி வந்தது. கை தட்டினார்கள். அத்தா எல்லாருக்கும் பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா குமிழைத் திருப்பி நிறுத்திவிட்டு மூச்சு விட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

பெரியத்தா கேட்டார், "சாமான் சுமக்கற வண்டின்னு எழுதிப் போட்டிருக்கு. சாமான் எங்கம்மா? வெறும் பலகையை ஓட்டிக் காட்டறதுக்கா மூணு வருஷம்?"

அக்கா, "இன்னைக்கு இவ்வளவு போதும் பெரியத்தா" என்றாள்.

அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணன் முன்னால் மகளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ரோஷம். சுற்றும் முற்றும் பார்த்தார். ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. நான்தான் இருந்தேன். என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"ஏறி உக்காரும்மா. ஐநூறு வோல்ட் தாங்குது, ஒன்னைத் தாங்காதா?"

"வேணாம்த்தா" என்றாள் அக்கா. "அத்தா, வேணாம். புள்ளைய எறக்குங்க."

"சும்மா ஓட்டும்மா. நான் இருக்கேன்ல."

நான் பலகை மேல் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அந்த ஹாலில் எங்களுக்கு நடுவில் நின்றது. ஆனால் எனக்குப் பத்து வயது. அத்தா தூக்கி உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற சந்தோஷமும் எனக்கு இருந்தது. அக்கா மெதுவாக, மிகவும் மெதுவாகக் குமிழைத் திருப்பினாள்.

வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. பாதி தூரம் போனது. அப்போதுதான் அந்த வாடை. என் தொடைக்குப் பக்கத்தில் அலுமினியத் தட்டிலிருந்து அனல் அடித்தது. அக்கா குமிழைத் திருப்பி நிறுத்தப் பார்த்தாள். இடது பக்கம் நின்றது. வலது பக்கம் நிற்கவில்லை. அந்த டிரான்சிஸ்டர் செத்துப்போகும்போது வழியைத் திறந்தபடியே செத்துவிட்டது. பேட்டரியின் பலம் முழுவதும் தடையில்லாமல் அந்த மோட்டாருக்குப் பாய்ந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றது. நான் தெறித்துப்போய் மேஜை விளிம்பில் மோதினேன். தாடை கிழிந்தது. அம்மா அலறியது கேட்டது. அக்கா ஓடிவந்து பேட்டரி வயரைப் பிடுங்கினாள். கை அந்தத் தட்டில் பட்டுத் தோல் உரிந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை. வண்டி நின்ற பிறகும் கையிலிருந்த வயரை விடாமல், என் ரத்தத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தையல் போட்டு என்னை ஊருக்குக் கூட்டி வந்தார்கள். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியத்தா வீட்டுக்கு வந்தார். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். என் தலை அம்மா மடியில். அக்கா கதவோரம் நின்றாள், கையில் மஞ்சள் பத்து.

"புள்ளையக் கொல்லப் பாத்துச்சேடா" என்றார் பெரியத்தா. குரல் உடைந்தது. "போதும்டா. அரியலூருக்குச் சொல்லி அனுப்பிடறேன்."

அத்தா குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. தையல் இழுக்க இழுக்கச் சொன்னேன்: "அக்கா செஞ்சது நல்லாத்தான் ஓடிச்சு. மேடம் வாங்கினதைப் போட்டப்ப ரெண்டு குடம் தண்ணியத் தூக்கிட்டு ஓடிச்சு. அத்தா வாங்கியாந்ததுதான் சூடாச்சு. அதுக்கு வாசல் குறுகல்."

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது, காயம் என்றும் பார்க்காமல்.

அத்தா நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்துக் கேட்டார், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும்.

"அப்புடியாம்மா?"

இந்த இடத்தைத்தான் நான் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டார். நிஜமாகக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் நம்பியிருப்பார். நொறுங்கிப் போயிருப்பார், ஆனால் நம்பியிருப்பார். அக்கா அத்தாவைப் பார்த்தாள். பிறகு பெரியத்தாவைப் பார்த்தாள். தம்பி வாங்கி வந்த சாமானால்தான் குழந்தையின் தாடை கிழிந்தது என்று அண்ணன் முன்னால் ஆகிவிடும். இரண்டு மாதத்தில் அத்தா அதைச் சுமந்துகொண்டு ஷார்ஜாவுக்குப் போய், குடோனில் தனியாகப் படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

"இல்லத்தா" என்றாள். "நீங்க வாங்கினது நல்ல சாமான். நான்தான் ஒயரை மாத்திக் குடுத்துட்டேன்."

அத்தா ஒரு பெருமூச்சு விட்டார். தோள் இறங்கியது. "அப்ப சரி" என்றார். பெரியத்தா பக்கம் திரும்பி, "அண்ணே, சொல்லி அனுப்புங்க" என்றார்.

அன்று அக்கா மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அத்தாவுக்குத் தெரியாது, மன்னித்துவிடலாம். அம்மா வாழ்நாளெல்லாம் பஞ்சு அடைத்தே பழகியவர், விட்டுவிடலாம். பெரியத்தா பயந்தவர். இவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். தெரிந்தவள் இப்படிச் செய்யலாமா? இதை அவளிடமே கேட்டிருக்கிறேன். "என் தாடை கிழிஞ்சதுக்கும் சேத்துத்தானே பொய் சொன்னே" என்று சண்டை போட்டிருக்கிறேன். அவள், "ஒனக்குப் புள்ளைங்க பொறக்கட்டும்" என்றாள் ஒரு முறை. பிறந்தார்கள், வளர்ந்தார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை.

அத்தாவின் லீவு முடிவதற்குள் நிக்காஹ் முடிந்தது. அரியலூர் மச்சான் தங்கமானவர், அவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்கா இரும்புக் கடையில் பில் போடுகிறாள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் கடைக்குக் கொடுத்தனுப்புகிறாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது ஸ்விட்சில் ஒரு ஒயர் கழன்று கிடந்தது. ஸ்குரூ டிரைவர் பக்கத்திலேயே இருந்தது. "எலக்ட்ரீசியன் வருவாரு" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போடப் போனாள்.

அத்தா கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்ததும் அக்கா வந்து உட்கார்ந்துகொண்டாள். சர்க்கரை காலைத் தின்றுவிட்டது. பேச்சு குறைந்துபோயிருந்தது. ஒரு மத்தியானம், நான் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறேன், அக்கா கஞ்சி ஊட்டுகிறாள். அத்தா கரண்டியைக் கையால் தள்ளிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அன்னைக்கு மட்டும் அது ஓடியிருந்தா ஒன்னைப் படிக்க வெச்சிருப்பேம்மா."

"தெரியும்த்தா."

"அண்ணன் என்ன சொல்லியிருந்தாலும் வெச்சிருப்பேன்."

"தெரியும்த்தா."

நான் விசிறியை நிறுத்திவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தக் கண் கெஞ்சியது. அத்தா தன் மெலிந்த கையை நகர்த்தி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒயரை மாத்திக் குடுத்துட்டே. சின்னப் புள்ள, தெரியலை ஒனக்கு. நான் அதை மனசுல வெச்சுக்கலைம்மா. நீயும் வெச்சுக்காதே."

"சரிங்கத்தா" என்றாள் அக்கா. கரண்டியில் கஞ்சியை எடுத்து, ஊதி ஆற்றி, அவர் வாயருகே கொண்டுபோனாள்.